பவித்ரா கொண்டு வந்த முட்டை

குழந்தைகளே, அப்பாக்களும் பொய் சொல்வதுண்டு. நான் சொன்ன ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆம்பூரில் வீட்டிலேயே மூன்று மெஷின் போட்டு, கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறேன். நானும் மனைவியும் பிரிந்துவிட்டோம். ஆறாவது படிக்கும் மகள் பவித்ரா அம்மாவோடு இருக்கிறாள். அவள் செலவுக்கு நான் மாதாமாதம் பணம் தர வேண்டும். மனைவி மேல் இருந்த கோபத்தில், எனக்கு வேலையே இல்லை என்று கோர்ட்டில் சொல்லிவிட்டேன். மகளிடமும் அதையே சொன்னேன். அவள் என்னைப் பார்க்க வரும் வெள்ளிக்கிழமைகளில் மெஷின்களைத் தார்ப்பாயால் மூடிவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், டிபன் பாக்ஸிலிருந்து சத்துணவு முட்டையை எடுத்து நீட்டினாள்.

"நீ சாப்டலியாம்மா?"

"நான் நேத்தே சாப்ட்டேன். உனக்குதான் வேல இல்லியே, இன்னா சாப்புடுவ? அம்மாகிட்ட சொல்லாதப்பா, பேஜாராய்டும்."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அந்த முட்டையைச் சாப்பிட்டேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. சாப்பிட்ட பிறகுதான் எழுந்து தார்ப்பாயை இழுத்தேன்.

"மூணும் ஓடுதாப்பா?" என்றாள்.

"ஓடுதும்மா."

அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

அடுத்த வாய்தாவில் உண்மை வருமானத்தைச் சொல்லிவிட்டேன். பணமும் தவறாமல் அனுப்புகிறேன். மெஷின்களை மூடுவதில்லை. ஆனாலும் வேலை இருக்கிறது என்று நான் சொன்னால், பவித்ரா முதலில் மெஷினின் மோட்டாரைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்க்கிறாள்.