மூன்று கால் மஞ்சள் கதிரை

ஒஸ்லோவில் வார நாட்களில் எனக்குக் கணினி வேலை, சனி ஞாயிறுகளில் கேமரா. போன மார்ச் மாதம் ஒரு சிநேகிதி, தான் வடிவமைத்த முதல் நாற்காலியைப் படமெடுத்துத் தரும்படி கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில் வளர்ந்தவள். ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்வீட்டில் எடுக்க அனுமதி வாங்கியிருந்தாள்.

நாற்காலியைப் போர்வையில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தாள். பெட்டியில் உட்கார இடமில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், போர்வையை உருவினாள், தன் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எதிரில் நின்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கல்வீட்டுக் காவலாளி நரைத்த தலையுள்ள ஒரு பெண்மணி. சுவரில் எதுவும் சாயக் கூடாது, காலணியுடன் நடக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். கம்பளிக் காலுறையைத் தாண்டித் தரையின் குளிர் ஜில்லென்று ஏறியது. தடித்த சுவரின் குட்டி ஜன்னல் வழியாக வெயில் ஒரு பட்டையாக விழுந்தது. அதில் கொண்டுபோய் வைத்ததும் நாற்காலி எலுமிச்சம்பழம் மாதிரி பளிச்சென்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தரையில் படுத்து எடுத்தேன், ஜன்னல் குழியில் ஏறி எடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன்.

"ஏய், இதுக்கு மூணு கால்தான் இருக்கு! அப்போ இது நாற்காலியே இல்ல, முக்காலி."

"முக்காலி எண்டால் முதுகில்லாதது அக்கா. இதிலை சாயலாமெல்லோ? இது கதிரை."

"மூணு காலுன்னா எங்க ஊர்ல ஸ்டூல்தான்."

"ஸ்டூலோ! நான் ரெண்டு வருசமாச் செய்த கதிரையை ஸ்டூல் எண்டுறீங்களோ?"

குரல் உயர்ந்துவிட்டது. காவலாளி வந்து நின்றார். அவர் நாற்காலியைக் காட்டி, "ஸ்டூல்?" என்றார். பிறகு பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல், "யா. ஸ்டூல்."

நோர்வீஜிய மொழியில் நாற்காலிக்கே ஏறத்தாழ அதுதான் பெயர். அது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவள் போர்வைக்குள் முகத்தைப் புதைத்தாள். நான் அடக்கப் பார்த்து மூக்கால் ஒரு சத்தம் போட்டேன். அந்தக் கல் அறை அதை இரண்டு மடங்காக்கித் திருப்பித் தந்தது.

"அக்கா, சிரிக்காதேங்கோ! வெளியிலை விட்டிடுவா!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் அந்த அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். நான்கு கால், மூன்று கால், முதுகு, இந்தியத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ். அவர் முகம் மாறாமல் கேட்டார். கடைசியில், "அப்படியென்றால் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்று போய் உட்கார்ந்தார். பின்னால் சாய்ந்தார். காலைத் தூக்கினார். அப்புறம் வெடித்தாரே ஒரு சிரிப்பு! சத்தம் போடக் கூடாது என்றவர் அவர்தான். என் விரல் தானாகவே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.

அன்று எடுத்த படங்களில் அதுதான் உயிரோடு இருந்தது. அவர் சம்மதத்தோடு அதையே ஒரு கண்காட்சிக்கு அனுப்பினோம், எடுத்துக்கொண்டார்கள். சிநேகிதியின் அம்மா வந்து படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"மனுசி நல்ல வடிவாச் சிரிக்குது," என்றார். "கதிரை எங்கை, பிள்ளை?"