நானூறு கிலோமீட்டர் நீளக் கை

நானூறு கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லவேண்டியதை, அவர் முதலில் சமையலறையில் கணவரிடம் சொல்லிப் பார்க்கிறார். கணவர் கையில் தடித்த கையுறை, இடுக்கி. எதிரே ஈரப் பஞ்சில் முளைவிட்ட விதைகள்.

“கதவுப் பக்கம் இருக்கிற வேரைப் பிடிங்க. அது இல்லீங்க, இன்னொண்ணு!”

“ஆபீசுக்கு நேரமாச்சும்மா. வேர் என்ன, ஓடியா போயிடும்?”

“அங்க ஓடும்.”

மனைவி தாவர ஆராய்ச்சியாளர். ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். அவருடைய விதைகளோ எடையே இல்லாத இடத்தில் முளைத்திருக்கின்றன. எடை இல்லாவிட்டால் வேர் எந்தப் பக்கம் போகும் என்பதுதான் ஆராய்ச்சி. செய்வது அங்கே மிதக்கும் விண்வெளி வீராங்கனை, சொல்வது இவர். ‘மேலே’, ‘கீழே’ இரண்டையும் பேச்சிலிருந்தே ஒழித்துவிட்டார்; அங்கே அவை கிடையாது. வீட்டிலும் “உன் மூக்குப் பக்கத்து டப்பாவை எடு” என்றுதான் கேட்கிறார். மகள் தோழிகளை அழைத்து வருவதை நிறுத்திவிட்டாள்.

இவர் வேலையைப் பார்க்க நான் கட்டுப்பாட்டு அறைக்குப் போன அன்று தண்ணீர் வம்பு செய்தது. விண்வெளியில் நீர் வடியாது, உருண்டு ஒட்டிக்கொள்ளும். நாற்றுகளின் வேர்களை ஒரே நீருருண்டை விழுங்கியிருந்தது. காற்றில்லாமல் அவை செத்தால் பல வருட உழைப்பு போச்சு. அனுப்ப வேறு விதைப்பெட்டியும் இல்லை.

“ஒரு உதறு உதறிடவா அக்கா?” என்றது விண்வெளிக் குரல்.

“வேர் அறுந்துடும்! உதறினே, உன்னை உதறிடுவேன். காஞ்ச துணி இருக்கா? முனையை முறுக்கு.”

“முறுக்கிட்டேன்.”

“ஜன்னல் பக்கமா கொண்டு வா. வேரைத் தொடாதே, தண்ணியை மட்டும் தொடு. தூங்குற குழந்தைக்கு மூக்கு துடைக்கிற மாதிரி.”

“எனக்குக் குழந்தையே இல்லையே!”

“எனக்கு இருக்கு. நான் சொல்றேன், நீ துடை.”

துணி பட்டதும் நீருருண்டை ஒருமுறை நடுங்கியது. பிறகு தானாகவே துணிக்குள் ஏறத் தொடங்கியது. திரையில் வேர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, வெள்ளை வெளேரென்று. அறையே கைதட்டியது.

“இவ்ளோ பாடுபட்டுக் காப்பாத்திட்டு, நாளைக்கு நானே வெட்டி உறைய வைக்கணுமா அக்கா?”

“உசிரோட இருக்கிறதை வெட்டினாத்தான்டி அது நமக்கு ஏதாவது சொல்லும். போ, போய்ச் சாப்பிடு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு எல்லோரும் எழுந்து போகும் சந்தடியில், கைக்குட்டையின் முனையை முறுக்கி, திரையில் தெரிந்த கடைசி வேரின் நுனியில் ஒட்டியிருந்த ஒரு சொட்டைத் துடைக்கப் பார்த்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வெட்டுவதாக இருந்தது.