கொண்டு சேர்க்காத நன்றி

மலேசியாவின் ஜொகூருக்கு வந்த முதல் வாரம் என்னைத் திடுக்கிட வைத்தது ஒரு பெயர்ப்பலகை. ஸ்கூடாயில் நான் தங்கியிருக்கும் வீட்டுக்குக் கீழே, வரிசைக் கடைகளின் நடுவில், 'டோபி' என்று ஆளுயர எழுத்தில் விளக்கு எரிந்தது. மலாயில் சலவைக்கடைக்கு அதுதான் பெயர். உள்ளே காசு போட்டால் சுழலும் சலவை இயந்திரங்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகள் காதில் பாட்டோடு காத்து நிற்கிறார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் 'டோபிக்குப் போவது' கடைக்குப் போவது மாதிரித்தான். ஆரணிப் பக்கம் எங்கள் ஊரில் அந்தச் சொல்லால் என் அப்பாவைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட தொனியிலேயே நாங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதும் இருந்தது.

அப்பா இந்திய ராணுவத்தில் சலவைக்காரராக இருந்தவர். பனிமலை முகாம்களில், வெடித்த விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, சட்டையில் ரத்தம் பட்டுவிடாமல் துவைப்பாராம். விடுப்பில் வந்தால் டீக்கடையில், "துப்பாக்கி புடிச்சியா, சோப்பு புடிச்சியா?" என்பார்கள். "குளிர்ல ரெண்டும் வழுக்கும்ணே" என்று அவரும் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் படித்து, இன்று கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன்.

போன சனிக்கிழமை மாலை அந்தக் கடையில் அந்தோணி அங்கிள் இருந்தார். பக்கத்து புளோக்கில் குடியிருப்பவர், மலேசிய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் அவருடைய தேவாலயத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு நன்றி வழிபாடு. அதற்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையை மேசைமேல் மடிப்பதும் உதறுவதுமாக இருந்தார்.

"அலமாக்! இந்தச் சுருக்கத்த எங்க வீட்டு ஆன்ட்டி பாத்தா என்னைய வாசல்லயே நிக்க வெச்சிருவாங்க லா."

என் கை சும்மா இருக்கவில்லை. கழுத்துப்பட்டியை நிமிர்த்தி, தையலோடு தையலைச் சேர்த்து, உள்ளங்கையால் ஒரே இழுப்பில் கைமடிப்பை நேராக்கினேன்.

"இது கேம்ப் மடிப்பாச்சே! எங்க கத்துக்கிட்டீங்க தம்பி?"

"அப்பா பட்டாளத்துல இருந்தாரு, அங்கிள்."

"அப்படியா! என்ன வேல?"

வாசலுக்கு மேலே அந்தப் பலகை. சுற்றிலும் அந்தச் சொல்லை அழுக்கில்லாமல் சொல்லும் மனிதர்கள். நான் அதைச் சொல்லக்கூடிய இடம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் இதுதான்.

"எல்லைக் காவல்" என்றேன்.

அவர் ரப்பர் செருப்புக் கால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, என் கையைப் பற்றினார். "ஜொகூர்ல ஒரு பழைய சோல்ஜர் நன்றி சொன்னான்னு அப்பாகிட்ட சொல்லுங்க." பிறகு சட்டையைத் தட்டிச் சிரித்தார். "எங்க கேம்ப்ல சார்ஜென்ட்டே பயந்தது டோபிக்காரருக்குத்தான் தெரியுமா? அவரு கோவிச்சுக்கிட்டா பரேட்ல மானம் போயிடும் லா!"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவர் போனதும் அப்பாவை அழைத்தேன். நன்றியைச் சொல்ல வாய் வரவில்லை. அது எல்லையில் துப்பாக்கியோடு நின்ற, நான் உண்டாக்கிய ஒருவருக்குச் சொன்னது. அதை அப்பாவிடம் எப்படிக் கொடுப்பேன்?

"என்னமோ சுத்துற சத்தம் கேக்குதே?" என்றார்.

"துணி போட்டிருக்கேன்ப்பா. கடையில மிஷின் இருக்கு."

"துவைக்கிறதுக்குன்னே கடையா?" அவர் குரலில் தொழில் தெரிந்தவரின் ஆவல். "என்ன கடைன்னு சொல்வாங்கப்பா அங்க?"

கண்ணாடிக் கதவிலும் ஒட்டியிருந்த 'டோபி' என்ற பெயர், உள்ளே நின்ற எனக்கு இடம் வலம் மாறித் தெரிந்தது. அதற்கு அப்பால் ஸ்கூடாய் சாலையில் வண்டிகள் நகராமல் நின்றன.

"லாண்டரிப்பா" என்றேன்.