அப்பா முழங்கால் போட்ட ஞாயிறு

எங்கள் கோயிலில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து மாதத்துக்கு ஒருமுறைதான். பரளச்சிக்குப் பக்கத்தில் சீமைக்கருவேலங்காட்டை ஒட்டி, ஓடு வேய்ந்த சின்னக் கோயில் அது. ஐயர் திருச்சுழியிலிருந்து முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பைக்கில் வருவார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டு முழிப்பதுண்டு. பிரசங்கம் முடிந்து, காணிக்கைப் பை சுற்றி வந்த பிறகு, வெள்ளைத் துணி போட்டு மூடியிருக்கும் மேசைப் பக்கம் ஐயர் திரும்புவார். சரியாக அந்த நேரத்தில் என் அப்பா எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நடுவழியே நடந்து வெளியே போய்விடுவார்.

அப்படி வெளியே போகிறவர்கள் வேறு சிலரும் உண்டு. யாரோடாவது பகை இருந்தால் திருவிருந்துப் பந்தியில் முழங்கால் போட்டு அப்பம் வாங்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். வரப்புத் தகராறு, சம்பந்தி தகராறு என்று போனவர்கள் ஒரு மாதம், இரண்டு மாதத்தில் சமாதானமாகித் திரும்பிவிடுவார்கள். அப்பா மட்டும் வருஷக்கணக்கில் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே பாட்டு முடியும்வரை செருப்புக் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பார். ஜன்னல் வழியாக அதைப் பார்க்க எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

பகை வேறு யாரோடும் இல்லை, சொந்த அண்ணனோடுதான். அப்பாவும் பெரியப்பாவும் கூட்டாகக் கரிமூட்டம் போட்டவர்கள். கருவேல விறகை அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, மண் பூசி, உள்ளே தீ வைத்து நாள்கணக்கில் புகைய விட வேண்டும். மண் எங்கேயாவது வெடித்துக் காற்று உள்ளே போனால் விறகு கரியாகாது, சாம்பலாகிவிடும். அதனால் பக்கத்திலேயே ஆள் காவல் இருக்க வேண்டும். ஒரு தடவை காவல் முறை பெரியப்பாவுடையது. பெரியப்பா எங்கள் சபையின் ஜெபவீரர். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்பது அவர்தான், டாக்டரெல்லாம் பிறகுதான். அன்று வீரசோழன் போகிற வழியில் ஒரு வீட்டில் உபவாச ஜெபம். மூட்டத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார். ஆண்டவருக்கு அன்று வேறு வேலை இருந்திருக்க வேண்டும். பெரியப்பா திரும்பி வந்தபோது மூட்டம் முழுக்கச் சாம்பல். இரண்டு குடும்பத்துக்கும் அந்தக் கோடையின் கஞ்சி அதுதான். அப்பா வேலையாட்கள் முன்னால் அண்ணன் கன்னத்தில் அறைந்துவிட்டார்.

அதோடு தொழில் பிரிந்தது, பேச்சு நின்றது. பெரியம்மா எங்கள் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். ஆனால் பெரியப்பா மட்டும் மாதம் தவறாமல் முதல் பந்தியில் முழங்கால் போட்டார். போட்டதோடு நிற்காமல் ஜெபக்கூட்டங்களில் அதைச் சாட்சியாகவும் சொன்னார். “கூடப்பெறந்தவன் என்னைய அறைஞ்சான். நான் அன்னைக்கே அவனை மன்னிச்சுட்டேன்” என்று அவர் குரல் தழுதழுக்கச் சொல்லும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் துடைத்திருக்கிறேன். அறைந்தவர் என் அப்பா என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே துடைத்தேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது, திருவிருந்து வாங்கப் பிள்ளைகளைத் தயாராக்கும் திடப்படுத்தல் வகுப்பில் என்னைச் சேர்த்தார்கள். கேள்வியை ஐயர் முடிப்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிற ரகம் நான். விசுவாசத்தில் கடைசிவரை கைக்குழந்தையாகவே இருந்துவிடக் கூடாது, பாலை விட்டுச் சோற்றுக்கு வர வேண்டும் என்று ஐயர் சொல்வார். வளர்ந்ததற்கு என்ன அடையாளம் என்று அவர் விளக்கியது எனக்கு நினைவில்லை. நானே மனசுக்குள் சில அடையாளங்கள் வைத்திருந்தேன். நீளமாக ஜெபிக்க வேண்டும், வசனம் மனப்பாடமாகத் தெரிய வேண்டும், திருவிருந்து நேரத்தில் எழுந்து வெளியே போகக் கூடாது. இந்த மூன்றிலும் பெரியப்பா முதல் மார்க், அப்பா பெயில்.

அருப்புக்கோட்டையில் பேராயர் தலையில் கை வைத்துத் திடப்படுத்தினார். அடுத்து வந்த முதல் ஞாயிறு எங்கள் கோயிலில் எனக்கு முதல் திருவிருந்து. அன்றைக்கு மட்டும் ஆண் பக்கம், பெண் பக்கம் என்று பார்க்காமல் பெற்றவர்கள் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் முழங்கால் போடுவது வழக்கம். அப்பா வராவிட்டால் நானும் முழங்கால் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

“அடிச்ச கைய வச்சுக்கிட்டு அதை வாங்க ஏலாதும்மா” என்றார் அப்பா.

“அப்ப பெரியப்பாகிட்டப் போயி மன்னிப்புக் கேளுங்க.”

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். கோபம் என்று நினைத்தேன். அவர் அதைத்தான் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை எனக்கு வெள்ளைச் சேலை எடுக்க அப்பாவோடு டவுனுக்குப் போனேன். சேலை எடுத்து, பரோட்டா வாங்கிக் கொடுத்து, திரும்பி வரும்போது டிவிஎஸ்ஸை ஊருக்கு விடாமல் காட்டுப் பாதையில் திருப்பினார். புகை வாடை வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

பெரியப்பா தனியாக மூட்டத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், பூசுவதை நிறுத்தவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சுடுமண்ணில் போய் நின்றார்.

“அண்ணே, நான் அடிச்சது தப்பு. வேலையாளுக முன்னால அடிச்சது அதைவிடத் தப்பு. மனசுல வச்சுக்காதீக.”

பெரியப்பா ஒரு கை மண்ணை அள்ளி அப்பினார். “அதை நான் என்னைக்கோ மன்னிச்சுட்டேன் தம்பி. நீ ஆண்டவர்கிட்டக் கேளு.”

“அவர்கிட்டக் கேட்டாச்சுண்ணே. உங்ககிட்டதான் கேக்காம இருந்தேன்.”

பெரியப்பா மண்ணைத் தட்டித் தட்டி வழவழப்பாக்கிக்கொண்டே இருந்தார். அப்பா, “குடிக்கத் தண்ணி இருக்காண்ணே?” என்று கேட்டார். எங்கள் பையிலேயே பாட்டிலில் தண்ணீர் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், அப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பெரியப்பா கையைக் கழுவிவிட்டு, நிழலில் ஈரச்சாக்கு சுற்றி வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு என்னிடம் நீட்டினார். நான் குடித்தேன். டம்ளரை வாங்கிக் கவிழ்த்துக் குடத்தின் மேல் வைத்தார். “தீந்துபோச்சு தம்பி” என்றார்.

குடம் பாதிக்கு மேல் இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

“சரிண்ணே, வாரேன்” என்று அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மன்னித்துவிட்டேன் என்று பெரியப்பாவே வாயால் சொல்லியாயிற்று, இனி அப்பாவுக்கு என்ன தடை? தண்ணீர் விஷயத்தை, பெரியவர்களுக்கு வேலை மும்முரத்தில் வருகிற மறதி என்று நானே ஒதுக்கிவிட்டேன்.

மறுநாள் அப்பா வெளியே போகவில்லை. ஐயர் மேசைப் பக்கம் திரும்பியதும் சபையே அப்பாவைத்தான் பார்த்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், நடுவில் முக்காடு வழுக்கிக்கொண்டே இருக்கும் வெள்ளைச் சேலையில் நான். முழங்கால் போட்டதும் அப்பா அழ ஆரம்பித்துவிட்டார். தோள் குலுங்கக் குலுங்க, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். போட்டோ எடுக்கிற நேரத்தில் இப்படிச் செய்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பெரியப்பா வழக்கம்போல் முதல் பந்திக்கு எழுந்து வந்தார். அப்பாவுக்கு அடுத்த இடம்தான் காலியாக இருந்தது. அங்கே வந்து நின்றவர் குனியவில்லை. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐயர் தட்டோடு காத்திருந்தார். பிறகு பெரியப்பா திரும்பி, அப்பா இத்தனை வருஷம் நடந்த அதே நடுவழியில் நடந்து வெளியே போய்விட்டார்.

வீட்டில் அன்று கோழிக்குழம்பு. அம்மா வாய் ஓயவில்லை. “மூத்தவுக சாயம் இன்னைக்கு வெளுத்துப்போச்சு. தம்பி உள்ள வந்தது பொறுக்கல அவுகளுக்கு” என்றாள். அப்பா அவளை அதட்டவில்லை. இன்னொரு துண்டு கோழி கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பெரியப்பா பந்தியில் முழங்கால் போட்டதே இல்லை. சாட்சி சொல்வதையும் நிறுத்திவிட்டார். ஆராதனைக்கு வருவார், கடைசி வரிசையில் உட்காருவார், திருவிருந்து வந்ததும் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். விசுவாசத்தில் பின்வாங்கிப்போய்விட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. அப்பா மளமளவென்று வளர்ந்தார். சபைக் கமிட்டியில் சேர்ந்தார், ஜெபக்கூட்டம் நடத்தினார். தான் தன்னைத் தாழ்த்தி அண்ணனிடம் போய் நின்ற கதையை அவரும் சாட்சியாகச் சொன்னார். சுடுமண்ணில் செருப்பில்லாமல் நின்றதைச் சொல்லும் இடத்தில் அவருக்கும் குரல் தழுதழுக்கும். கோயிலில் ஒலிபெருக்கி வந்த பிறகு அது வேப்பமரத்தடிக்கும் நன்றாகவே கேட்டது.

கல்யாணமாகி மதுரைக்குப் போன பிறகு ஒருநாள் காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் பெரியப்பாவைப் பார்த்தேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அன்றைக்கு ஏன் வெளியே போனீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

“ஒங்கப்பன் வந்து தண்ணி கேட்டான். எனக்குக் குடுக்க மனசு வரலம்மா” என்றார். “மன்னிச்சுட்டேன் மன்னிச்சுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அவன் முழங்கால் போட்டு அழுகுறதைப் பாத்தப்பத்தான், நான் மன்னிக்கவே இல்லைன்னு எனக்கே தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் அங்க எப்படிம்மா குனியிறது?”

“அதை அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே பெரியப்பா.”

“சொல்லணும்னுதான் இருந்தேன். அவன் பெரிய ஆளாயிட்டான்” என்று சிரித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் ஜெபக்கூட்டங்களில் பார்த்ததில்லை.

நான் அப்பாவிடம் சொன்னேன். சொன்னதும் கிளம்பிவிடுவார் என்று நம்பினேன். “அவுக வந்து சொல்லட்டும். நான் ஒரு தடவை போயிட்டேன்ல” என்றார். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே பெரியப்பா இறந்துபோனார். அப்பா பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதறியதை ஊரே மெச்சியது. எனக்கு அவர் பக்கத்தில் போய் நிற்கவே பிடிக்கவில்லை. இரண்டு தெரு தாண்டினால் பெரியப்பா வீடு. நடந்தால் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகாது.

அப்பா முழங்கால் போட்ட அந்த ஞாயிறன்று ஆராதனை முடிந்து நான் வெளியே ஓடி வந்தபோது பெரியப்பா வேப்பமரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். “எனக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணிக்கம்மா” என்றார். ஊருக்கே ஜெபித்தவர், கேவலம் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இப்படிக் கேட்கும் அளவுக்குத் தாழ்ந்துவிட்டாரே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. கூடவே, என்னிடம் கேட்கிறாரே என்று பெருமையாகவும் இருந்தது.

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அவரை மறக்கவில்லை. வெள்ளைச் சேலையை அவிழ்க்க மனமில்லாமல், அதே முக்காட்டோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபித்தேன். பெரியப்பாவின் கடின இருதயத்தை உடைத்தருளும் ஆண்டவரே, அவரையும் எங்கள் அப்பாவைப்போல் நல்ல விசுவாசியாக்கும் என்று உருக்கமாகக் கேட்டேன். அம்மா ஆமென் சொன்னாள். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது அப்பாதான்.