ஈய சீல் வைத்த பெட்டி

அவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டார்ச் என்றால்தான் தெரியும். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுத்தவர். பட்டப்பகலிலும் மூன்று செல் டார்ச்சை அடித்துத்தான் மீட்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். சீல் கம்பி அறுந்திருக்கிறதா, வட்டு சோம்பலாகச் சுற்றுகிறதா, எங்காவது புது ஒயர் முளைத்திருக்கிறதா. கேட்காமலே ஒரு வீட்டில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினால், குடித்துவிட்டு அந்த வீட்டு மீட்டரை இன்னொரு தரம் பார்ப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு பார்க்க மீட்டர் இல்லை, பார்வை மட்டும் மிச்சம். பால்காரர், தபால்காரர், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர், எல்லோரையும் கண்ணால் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் பேசுவார்.

மனைவி இறந்து எட்டு மாதம் ஆனபோது ஒரு பெண் ஃபைலோடு வந்து கதவைத் தட்டினாள். நகர நூலகத்தின் மாடியில் புதிதாக ஊர் ஆவண அறை திறந்திருக்கிறார்களாம். ஊர்க்காரர்களின் பழைய படங்கள், கடிதங்கள், நோட்டுகளை வாங்கிப் பாதுகாப்பார்களாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த அவர் மனைவி, தன் காலத்துக்குப் பிறகு தன் பெட்டியை அங்கே கொடுக்கச் சொல்லிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

டார்ச் அந்தக் கையெழுத்தைப் பழைய கடிதம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவளுடையதுதான். அதுதான் உறுத்தியது. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இதையெல்லாம் வச்சு என்னம்மா பண்ணுவீங்க?"

"பத்திரமா வைப்போம் சார்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறமும் பத்திரமா வைப்போம்."

எலி சும்மா அம்மணமாக ஓடாது என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் மனைவி கடைசியாகக் கேட்டது. மறுக்க மனம் வரவில்லை.

கட்டிலுக்கு அடியில் இருந்த அந்தத் தகரப் பெட்டியை முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் திறந்ததில்லை. இப்போது திறந்தார். படிக்கவில்லை. எண்ணினார். படங்கள் நூற்றுப் பன்னிரண்டு. டூட்டி நோட்டுகள் ஒன்பது. கடிதங்களும் தாள்களும் நாற்பத்து மூன்று. பிறகு பெட்டியைச் சுற்றிச் சீல் கம்பி கட்டி, ஈய வில்லை கோத்து, ஆபீஸில் திருப்பிக் கொடுக்க 'மறந்துபோன' குறடால் அழுத்தினார்.

மறுநாள் ஆவண அறையில் அந்தப் பெண் முதல் காரியமாக அந்தக் கம்பியை வெட்டினாள்.

"என்னம்மா, இவ்வளவு லேசா வெட்டிட்ட?"

"இரும்பு ஆகாது சார். துரு தாளைத் தின்னுடும்."

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், மக்கிப்போன ரப்பர் பேண்ட், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டாள். அவர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, அவள் கைகளைப் பார்த்தார். ஒவ்வொரு படத்தின் பின்பக்க ஓரத்திலும் பென்சிலால் எண் எழுதினாள்.

"பென்சிலா? யார் வேணும்னாலும் அழிச்சிடலாமே."

"பேனா மை ஊறி முன்பக்கம் வந்துடும் சார். அதுக்குத்தான்."

பதிலெல்லாம் சரியாகத்தான் இருந்தது. எல்லாப் பதிலும் சரியாக இருக்கிற வீடுகளில்தான் அவர் அதிகம் திருட்டு பிடித்திருக்கிறார்.

அடுத்த வாரம் ஒரு கடிதத்தின் நகலைக் கொடுத்தாள். மனைவியின் தம்பி ஆட்சேபணை எழுதியிருந்தான். இது தன் அக்காவின் பெட்டி, ஊரான் பார்வைக்கு வைக்கத் தனக்குச் சம்மதமில்லை என்று. சொந்தக்காரர்கள் ஒரு முடிவுக்கு வராவிட்டால் மாதக் கடைசியில் பெட்டி திரும்பிவிடும். மனைவி போட்ட கையெழுத்துக்கு மதிப்பிருக்காது.

மைத்துனனும் அவரும் பேசிப் பதினாறு வருஷம் ஆகிறது. அவன் வீட்டு மீட்டருக்குப் பின்னால் இருந்து ஒரு திருட்டு ஒயரைப் பிடித்து நோட்டீஸ் எழுதி, இணைப்பைத் துண்டிக்க வைத்தவர் இவர்தான். "மச்சான்னு கொஞ்சம் பாத்திருக்கலாமே" என்று மனைவி அழுதாள். "மீட்டருக்கு மச்சானும் தெரியாது, மாமனும் தெரியாது" என்றார். தனக்கு ஒன்றுமே தெரியாது, எலெக்ட்ரீஷியன் செய்த வேலை என்று அவன் இன்றுவரை சாதிக்கிறான். எக்ஸ்சேஞ்சில் செய்த வேலையையே அதன் பிறகு அவள் வீட்டிலும் செய்தாள். இந்த வீட்டில் சொன்னதை அந்த வீட்டில் சேர்ப்பாள், சூடானதை நடுவிலேயே நிறுத்திவிட்டு.

இருவரையும் ஒரே நாளில் வரச் சொன்னார்கள். நீள மேஜையின் அந்தக் கோடியில் மைத்துனன், இந்தக் கோடியில் டார்ச். நடுவில் அந்தப் பெண், அவளுக்கு முன்னால் பெட்டி.

"எங்க அக்கா படத்தை ஊர்ல போறவன் வர்றவன் எல்லாம் பாக்கணுமா?" என்றான் மைத்துனன், அந்தப் பெண்ணைப் பார்த்து.

"இவனுக்கு அது கவலை இல்லம்மா. உள்ள எதையோ எடுக்கணும், அதான்" என்றார் டார்ச், அவளையே பார்த்து.

"இவரு யாரு இதைக் கொடுக்க? நூத்துப் பன்னண்டு படம் இருக்குங்கறீங்களே, ஒண்ணுலயாவது இவர் மூஞ்சி இருக்கா, கேளுங்க."

அவள் சங்கடமாக டார்ச்சைப் பார்த்தாள். இல்லை. அவளுக்கே தெரியும், எல்லாவற்றையும் அவள்தானே வரிசைப்படுத்தினாள். தோட்டத்தில் மனைவி, ஆற்றுப்பாலத்தில் மனைவி, எக்ஸ்சேஞ்ச் வாசலில் தோழிகளோடு மனைவி. கணவன் எங்கும் இல்லை.

"நான்தாம்மா எடுத்தேன். எல்லாத்தையும்." அவர் குரல் இறங்கியிருந்தது. "கேமராவை யார் கையிலயும் கொடுக்க மாட்டேன். எடுத்துட்டு ஓடிட்டான்னா?"

மைத்துனன் சிரித்தான். "நல்ல கதை. சாட்சிக்கு யாரு?"

படம் எடுத்தவருக்குத்தான் அதைக் கொடுக்க உரிமை, அதற்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் நல்லது என்று அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். டார்ச் பெட்டியைப் பார்த்தார். முப்பத்து நான்கு வருஷம் மனைவியை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றதற்கு யார் சாட்சி சொல்வார்கள்?

ஏதோ நினைவு வந்ததுபோல் அந்தப் பெண் சில படங்களைத் தனியே எடுத்து மேஜையில் பரப்பினாள். "நிறையப் படத்துல கீழே ஒரு நிழல் விழுந்திருக்கு. யாருன்னு தெரியலன்னுதான் எழுதி வச்சிருக்கேன்."

இருவரும் அவரவர் கோடியிலிருந்து எழுந்து வந்தார்கள். மனைவியின் காலடியில் நீண்டு கிடந்தது ஒரு மனித நிழல். இடது இடுப்புப் பக்கம் ஏதோ புடைத்துத் தொங்கியது. அதிலிருந்து கட்டையாக ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

டார்ச் கண்ணை இடுக்கிக்கொண்டு நிழலைப் பார்த்தார். எவன் இவன்? அவள் இருக்கும் இடமெல்லாம் வந்து நிற்கிறான். முப்பத்தோரு வருஷப் பழக்கம், முதலில் சந்தேகம்தான் எழுந்தது.

"அட, இது அந்தப் பை" என்றான் மைத்துனன்.

"எந்தப் பை?"

"மாமாவோட ரீடிங் பை. மேல நீட்டிக்கிட்டிருக்கே, அது டார்ச். இதைத் தெரியாதா எனக்கு? தெருமுனையில இந்தப் பை திரும்புறதைப் பாத்துட்டுத்தானே ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கி..."

நிறுத்திக்கொண்டான்.

டார்ச் நிமிர்ந்து மைத்துனனைப் பார்த்தார். பதினாறு வருஷமாக வராத வாக்குமூலம். பிடித்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மறுபடி படத்தைப் பார்த்தார். வேலை முடிந்து நேராக மனைவியைப் படமெடுக்கப் போயிருப்பார். பையைக் கழற்றி வைத்தால் யாராவது ரீடிங் புத்தகத்தைத் திருத்திவிடுவார்கள் என்று தோளிலிருந்து இறக்கியதே இல்லை. மனைவி நிழலை மிதிக்காமல் தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "இப்ப இவன் சொன்னதை எழுதினியாம்மா?"

"படத்துல இருக்கறது உங்க நிழல்னு மட்டும் எழுதினேன் சார்."

"அது போதும்."

மைத்துனன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தான். தாழ்ந்த குரலில், "மாமா, அந்த நோட்டீஸ் உள்ள இருக்கா?" என்றான்.

இருந்தது. முப்பத்தேழாவது தாள். டார்ச்சின் கையெழுத்தில் அவன் வீட்டு முகவரி, ஒயரின் நீளம், நிறம் உட்பட. அவள் ஏன் அதை வைத்திருந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. தூக்கிப்போடவும் மனமில்லாமல், யாரிடம் கொடுப்பது என்றும் தெரியாமல் வைத்திருக்கலாம்.

"கிழிச்சிடலாமே" என்றான் மைத்துனன்.

"அவ வச்சதை நான் கிழிக்க மாட்டேன்."

வேண்டுமானால் குறிப்பிட்ட தாளை மட்டும் தனி உறையில் போட்டு, முப்பது வருஷத்துக்கு யாருக்கும் காட்டாமல் மூடி வைக்கலாம், அதற்கு விதி இருக்கிறது என்றாள் அந்தப் பெண். இருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள்.

"அப்ப நமக்கு எத்தனை வயசு மாமா?"

"நமக்கு வயசே இருக்காது. எழுதும்மா."

ஆட்சேபணையைத் திரும்பப் பெறும் தாளில் மைத்துனன் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு உறையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நடுவுல யாரும் பிரிக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

டார்ச்சின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போயிற்று. ஓர் ஈய வில்லையும் கொஞ்சம் கம்பியும் எப்போதும் அங்கே கிடக்கும். அந்தப் பெண் தலையை அசைத்தாள். வெள்ளைப் பருத்தி நாடா ஒன்றை வெட்டி நீட்டினாள்.

அவர் அதை உறைக்குக் குறுக்காகச் சுற்றி இழுத்தார். முதல் முடிச்சு நழுவியது. மைத்துனன் கேட்காமலே விரலை நீட்டி முடிச்சின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவர் அந்த விரலை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"இன்னொரு முடிச்சு போடுங்க மாமா" என்றான் அவன். "எதுக்கும்."