டாக்டரம்மா மீது ஒரு புகார்

போன வாரம் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மிளகு விசாரித்துக்கொண்டிருந்தபோது, நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று கூட வந்த நண்பர் போட்டுக்கொடுத்துவிட்டார்.

மிளகு விற்ற பாப்பாத்தி உடனே தராசைக் கீழே வைத்தார். "ஏனுங்க, எங்க டாக்டரம்மா மேல ஒரு புகார் மனு எழுதித் தாரீங்களா?"

என்ன தப்பு செய்தார் என்று கேட்டேன்.

"தப்பா? தங்கமானவங்க சாமி. கொட்டற மழையில கூப்புட்டாலும் வருவாங்க."

மலைப்பாதையின் எழுபது வளைவுகளில் சுற்றாத தலை இப்போது சுற்றியது. பிறகு எதற்குப் புகார்?

"முன்ன இருந்த டாக்டரு நல்லவருன்னு ஊரே கையெழுத்துப் போட்டு மேல அனுப்புனோமுங்க. அவர மெச்சிக் கீழ டவுனு ஆஸ்பத்திரிக்கு மாத்திப்போட்டாங்க. அப்பறம் ரெண்டு வருசம் டாக்டரே வரலீங்க. தப்புப் பண்றவங்களத்தான மலைக்கு அனுப்பறாங்க? இவங்க மேல ரெண்டு தப்பு எழுதுனா இங்கயே உட்டுருவாங்கல்லீங்க?"

அவர் மருமகளுக்கு இது எட்டாவது மாதம். டாக்டர் போய்விட்டால், வலி எடுத்த பெண்ணை அத்தனை வளைவும் தாண்டிக் கீழே கொண்டுபோக வேண்டும்.

சிரிக்க முடியவில்லை. இங்கே வேலைக்கு வருவது தண்டனை என்றால், இங்கேயே பிறந்தவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? சமச்சீர் வளர்ச்சி பற்றி நானும் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன்... ஒரு நல்ல டாக்டரை மலையிலேயே விட்டுவைப்பதும் அதுதான் என்று ஒரு வரி எழுதியதில்லை.

மனுவை எழுதினேன். சிடுசிடுவென்று பேசுகிறார், நேரத்துக்கு வருவதில்லை — இப்படி. ஆனால் மனசு உறுத்தியது. பாப்பாத்தியையும் அழைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கே போய், டாக்டரிடம் காகிதத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

நாகர்கோவில்காரர். சின்ன வயது. இரண்டு முறை படித்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தார்.

"நேரத்துக்கு வரலைங்கறது பொய் சார். சிடுசிடுப்பு நிஜம், இருக்கட்டும். டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்ல என் பேர் இருக்காம். இந்தப் பிரசவம் எல்லாம் முடியறவரைக்குமாவது நான் இங்க இருக்கணும்."

சொன்ன கையோடு பாப்பாத்தி பக்கம் திரும்பினார். "மருமக மாத்திரை போடறாளா இல்லையா? எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?"

பாப்பாத்தி என் பக்கம் சாய்ந்து, "இதயும் சேத்து எழுதிக்குங்க" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எத்தனையோ வருடமாக எழுதுகிறேன். ஒருவருக்காவது உருப்படியாகப் பயன்படப்போகிற என் முதல் எழுத்து, ஒரு நல்லவரைத் திட்டி எழுதியதுதான்.