மதர்போர்டுக்கு அடியில் ஒன்பதாவது கால்

போன மழைக்காலத்தில், திருவனந்தபுரத்தில் நடந்தது இது. ஆரியசாலையில் எனக்கு மொத்த மளிகைக் கடை. என் மனைவி அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஐம்பதை நெருங்கும் வயதில் அவளுக்குக் கார் பந்தய விளையாட்டில் பைத்தியம் பிடித்தது. போனில் ஓட்டி ஓட்டிக் கட்டைவிரல் வீங்கியதும், சிட்டி என்று இங்கே சொல்லும் சீட்டை எடுத்த பணத்தில் கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவு செய்தாள்.

தயாராக இருப்பதை வாங்கினால் கட்டுப்படியாகாது, உதிரியாக வாங்கிப் பூட்டினால் அதே காசுக்கு நல்லதாக வரும் என்று இரண்டு மாதம் வீடியோ பார்த்து லிஸ்ட் போட்டாள். பணத்தில் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்கு. பவர் சப்ளை உருப்படியானதாக இருக்க வேண்டும் என்று அடிக்கோடு. ரேம் இரண்டு. கேபினெட் மட்டும் இருப்பதிலேயே மலிவான தகரப் பெட்டி.

"லிஸ்டுல உள்ளத அப்படியே வாங்கிட்டு வாங்க. ஒங்க மூளைய மளிகைக் கடையிலேயே வச்சிட்டுப் போங்க, கேட்டேளா?"

நான் மூளையைக் கையோடு கொண்டுபோனேன். கம்ப்யூட்டர் கடையில் கண்ணாடிக் கேபினெட் ஒன்று இருந்தது. உள்ளே ஏழு நிறத்தில் விசிறிகள் சுற்ற, சின்னக் கோயில் உற்சவமே நடந்துகொண்டிருந்தது. மயங்கிவிட்டேன். ஒரு ரேமை வெட்டிவிட்டு அதை வாங்கினேன். அவள் வெளிச்சத்தைப் பார்ப்பாளா, ரேமை எண்ணுவாளா?

அவள் ஆபீஸ் போன நேரத்தில் பூட்டி வைத்து அசத்துவது என் திட்டம். மதர்போர்டு உட்காரப் பித்தளைக் குட்டிக் கால்கள் ஒரு பொட்டலத்தில் வந்திருந்தன, மொத்தம் ஒன்பது. கொடுத்த சரக்கில் ஒன்று மிஞ்சினாலும் எனக்குச் சோறு இறங்காது. ஒன்பதையும் முடுக்கினேன். மதியத்துக்குள் எல்லாம் பூட்டியாயிற்று.

பட்டனை அமுக்கினேன். விசிறிகள் ஒரு தடவை துடித்தன. டிக். நின்றுவிட்டன. மறுபடி அமுக்கினேன். டிக்.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்றேன். மூன்றாவது டிக்கில் அது பதினொன்று ஆனது. ஷாக் அடிக்குமோ என்று வீட்டு மெயினை அணைத்தேன். பதற்றத்தில் அணைத்தது மாடி வீட்டு மெயின். மேலே மிக்சி நிற்க, "ஆராடா அது?" என்று குரல் வந்தது. அதை மறுபடி போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். காய்ச்சல்காரப் பிள்ளையைப் போலக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கடைக்கு ஓடினேன். ஆறு மணிக்கு அவள் வந்துவிடுவாள்.

"சேட்டா, டெக்னீஷியன் ஊணு கழிக்கான் போயி. அஞ்சு மணி ஆவும்," என்றார் கடைக்காரர். சாப்பிடப் போனவர் அஞ்சு மணிக்கு வருவாராம். என்ன சாப்பாடோ!

பக்கத்து ஸ்டூலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தார். மடியில் மடக்கிய வெள்ளைக் கோல். பார்வை இல்லை. ஆனால் கடைக்காரரை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பவர் சப்ளைகளை இரு கையிலும் ஏந்திப் பார்த்து ஒன்றைத் தள்ளினார். விசிறியை ஓடவிட்டுக் காதருகில் வைத்து, "இது கரகரக்கறது, வேற தாங்கோ," என்றார். கேபினெட்டின் பக்கத் தகட்டை நகத்தால் சுண்டிப் பார்த்தார். கிராபிக்ஸ் கார்டே வேண்டாமாம். அந்தக் காசும் ஹெட்போனுக்கும் சவுண்ட் கார்டுக்கும்தானாம். கேம் ஆடத்தான்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கண்ணு தெரியாம எப்படிம்மா கேம் ஆடுவீங்க?"

"காதால ஆடுவேன். ஆள் எந்தப் பக்கத்திலேந்து வரான்னு காலடிச் சத்தம் சொல்லிடும்," என்றவர், என் மடியிலிருந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். "இதுக்கு என்ன?" நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "கண்ணு தெரிஞ்சுண்டு நீங்க எப்படி மாமா இதைப் பூட்டினேள்?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு வழி?

"ஒரு தடவை ஆன் பண்ணுங்கோ." டிக். தலையைச் சாய்த்துக் கேட்டார். "எங்கேயோ ஷார்ட் ஆறது. பவர் சப்ளை நல்லதா இருக்கறதால தானே மூடிக்கறது. போர்டுக்குக் கீழே எத்தனை கால் வச்சேள்?"

"ஒன்பது. ஒண்ணும் மிச்சம் வைக்கல."

"போர்டுல ஓட்டை எத்தனை?"

அதை யார் எண்ணினார்கள்!

பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். கடைக்காரர் ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கொடுக்க, போர்டை விளிம்பில் பிடித்துப் பூப்போலத் தூக்கினார். எட்டு ஓட்டை. விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தடவி, கீழே இருந்த கால்களோடு மனதுக்குள் பொருத்திப் பார்த்தார். கடையில் மூச்சுச் சத்தம் கூட இல்லை. நான் காலையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்த அதே இடத்தை அந்த விரல்கள் அரை நிமிடத்தில் படித்துவிட்டு ஒரு காலின் மேல் நின்றன. ஓட்டையே இல்லாத இடத்தில், போர்டின் அடிவயிற்றில் குத்திக்கொண்டிருந்த கால். அதைத் திருகி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"போர்டு பொழச்சிருக்குமாம்மா?" என்று கேட்டேன்.

"பார்ப்போம். சாரமில்ல மாமா, ஒண்ணும் ஆகாது, பயப்படாதேங்கோ."

கடைக்காரர் திரும்பப் பூட்டி, பிளக்கைச் செருகி, கடை மானிட்டரோடு இணைத்துத் தர, பட்டனை நான் அமுக்கினேன். அமுக்கிய கையோடு கண்ணையும் மூடிக்கொண்டேன். விசிறி சுற்றியது. டிக் வரவில்லை. "வந்துடுத்து," என்றார் அவர். கண்ணைத் திறந்தபோதும் திரை இருட்டாகத்தான் இருந்தது. நான் அழாத குறையாக அவரைப் பார்க்க, இரண்டு நொடி கழித்துத் திரையில் எழுத்துகள் வந்தன. அவருக்கு அது முன்னமே கேட்டிருந்தது.

ஆறு மணிக்கு மனைவி வந்தாள். மறைக்க நினைத்திருந்த ரேம் விஷயத்தை, அவள் செருப்பைக் கழற்றும் முன்பே ஒப்பித்துவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் கேட்காமலே நான் குற்றத்தை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவள் திட்டவில்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு நம்பர் வாங்கினேளா?" என்று மட்டும் கேட்டாள். வாங்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. அதற்குத்தான் திட்டு விழுந்தது.

இன்னொரு ரேமை மறுவாரம் என் காசில் வாங்கினேன். அவரைப் பிறகு பார்க்கவேயில்லை. ஆனால் அன்று அந்தச் சின்னக் கடையில் பார்வையுள்ள நாங்கள் எல்லோரும் அவர் விரல்களை நம்பி மூச்சடக்கி நின்ற அந்த அரை நிமிடத்தை நினைத்தால், கண் இருக்கிறது என்று நான் கொண்டிருந்த கர்வம் இப்போதும் சற்றுக் கூச்சத்தோடு எழுந்து, அவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கிறது.